வயது தெரியாதவர்கள்

கவுன்ட்டர் பெண்ணை உடனே மாற்றும்படி தலைமை டாக்டர் மேஜையில் கடிதம் வைத்துவிட்டுத்தான் சாஃப்ட்வேர்காரர் கீழே இறங்கி வந்தார்.

பின்னே? நோயாளிகளை வரிசைப்படுத்த அவர் ஆறு மாதம் மண்டையை உடைத்து ப்ரோகிராம் எழுதியிருக்கிறார். இவளோ நோட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறாள். ஏன் என்று டாக்டர் கேட்டதற்கு, "பழக்கதோஷம்" என்றாளாம்.

"அந்த நோட்டைக் கொடும்மா" என்று பிடுங்காத குறையாக வாங்கினார்.

நாளுக்கு நாலைந்து பெயர்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் எதிரே, 'வயசு தெரியாது'.

"இவங்க ஸ்கிரீன்ல கடைசியிலயே நிக்கறாங்க சார். புதுசா வர்றவங்க முன்னாடி போயிடறாங்க. அதான் நானே கூப்பிட்டுடறேன்."

"என் ஆபீஸ் மெஷின்ல இவங்கதானே முதல்ல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

வயது அறுபதுக்கு மேல் என்றால் முதலில், அதற்குள் என்றால் அடுத்து. இந்த இரண்டு நிபந்தனைதான் எழுதியிருந்தார். இரண்டிலும் சேராதவருக்கு என்ன என்று எழுதவில்லை. வயது பதியாதவருக்கு வரிசை எண் காலியாகவே நின்றுவிடும். காலியானதை அவர் ஆபீஸ் டேட்டாபேஸ் முதலில் வைக்கும், ஆஸ்பத்திரி டேட்டாபேஸ் கடைசியில் தள்ளும். எந்த டேட்டாபேஸில் போட்டாலும் ஒரே மாதிரி ஓடும் என்று மார்தட்டியவர் அவர். 'இல்லாவிட்டால்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் நிஜமாகவே ஓடியிருக்கும்.

அவர் நோட்டை மூடினார்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா?"

"மூணு தடவை பண்ணேன் சார். உங்க மெஷின்ல சரியா வருதுன்னு சொல்லி போனை வெச்சிட்டீங்க."

ஆமாம், வைத்துவிட்டார். மூன்றாவது தடவை கொஞ்சம் எரிந்தும் விழுந்தார். உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு கிழவர் அவரைப் பார்த்து மரியாதையாக எழுந்து இடம் கொடுக்க, அவமானம் பிடுங்கித் தின்றது.

கடிதத்தைத் திருப்பி வாங்கி, டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று நோட்டோடு படிவரை போனவர் திரும்பி வந்தார்.

"டாக்டர்கிட்ட நீயே உண்மையைச் சொல்லியிருக்கலாமே. எதுக்குப் பழியை உன் மேல போட்டுக்கிட்டே?"

அவள் அந்தக் கிழவரை உள்ளே அனுப்பிவிட்டுச் சொன்னாள்.

"ட்ரெயினிங் அன்னிக்கு நீங்கதானே சார் சொன்னீங்க, இதுல ஒரு குறை வந்தாலும் உங்க ஆபீஸ்ல உங்க வேலையே போயிடும்னு."