சுண்டுவிரல்

கணினித் திரையில் ஏஐ எழுதிக் காட்டும் அடுத்த வரி சாம்பல் நிறத்தில் வந்து நின்றது.

இடது சுண்டுவிரல் விசைப்பலகையின் டேப் விசையைத் தட்டியது. வரி கறுப்பாகி அவனுடையதானது.

இன்னொரு வரி. இன்னொரு தட்டு.

எதிரே உட்கார்ந்திருந்த மேனேஜர் பெண் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அதனால்தான் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலை போன பிறகு வந்திருக்கும் மூன்றாவது இன்டர்வியூ. பழைய கம்பெனியில் இந்தச் சாம்பல் எழுத்துகள் வந்தபின் டீமைப் பாதியாக்கினார்கள். வெளியே அனுப்பப்பட்ட பாதியில் அவன் இருந்தான்.

இங்கே ஏஐ வைத்துக்கொள்ளலாம் என்றதும் அப்பாடா என்றிருந்தது. கேள்வியும் லேசு. வாடிக்கையாளரின் முழுப் பெயரைக் கொடுத்தால் புரோகிராம் அவரை மரியாதையாக வரவேற்க வேண்டும். வாடிக்கையாளர்கள் எல்லாம் மதுரை, தேனிப் பக்கத்து ஆட்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள்.

முடிந்தது. சோதனையையும் ஏஐயே எழுதி, தனக்குத் தானே பாஸும் போட்டுக்கொண்டது. ஜான் ஸ்மித் என்று கொடுத்தால்,

வருக, திரு. ஸ்மித்.

அவன் நாற்காலியில் சாய்ந்தான். சட்டை முதுகில் ஒட்டியது. காலையில் அப்பா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை.

"உங்க பேரைப் போட்டுப் பாருங்க சார்."

பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல அடித்தான். எழிலரசன் மாசிலாமணி.

வருக, திரு. மாசிலாமணி.

காது சுட்டது.

தெரியாதவனா அவன்? வெளிநாட்டு கிளையன்ட் ஒவ்வொருவரும் 'டியர் மாசிலாமணி' என்று மெயில் போட, அது என் அப்பா பெயர் என்று வருடக்கணக்காகப் பதில் எழுதி அலுத்தவன். பழைய டீமில் அவனை மாசி சார் என்றே கேலி செய்வார்கள்.

இருந்தும் வரி வந்ததும் தட்டிவிட்டான். படிக்கக்கூட இல்லை.

வெட்கமாக இருந்தது.

திரு. மாசிலாமணி இந்நேரம் வீட்டில் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

"டைம் இருக்கு சார். திருத்துங்க."

எல்லாவற்றையும் அழித்தான். திரை வெறுமையாக இருந்தது, ஒரே ஒரு நொடி.

சாம்பல் நிறத்தில் அதே வரி வந்து நின்றது.

சுண்டுவிரல் எழுந்தது.

இடது கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டான்.

வலது கையின் ஒற்றை விரல், விசைப்பலகையில் முதல் எழுத்தைத் தேடியது.