லோங்காங்னு சொல்லாதீங்க

"இன்னிக்கு யாரும் இதை லோங்காங்னு சொல்லக் கூடாது. ஒருத்தர் வாய் தவறுனாலும் எல்லாம் போச்சு," என்றாள் குமுதா. பொழுது விடிந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை. அவள் சொன்னது வீடுகளின் பின்னால் ஓடும் தண்ணீரை; லோங்காங் என்றால் அங்கத்துப் பேச்சில் சாக்கடை.

லகாட் பக்கம் ரப்பர்த் தோட்டம் விலைபோன பிறகு, அந்த நீரோட்டத்தை ஒட்டி எழும்பியவை அந்த ஒன்பது வீடுகள். எதிர்க்கரையில் கிடங்கு கட்டும் கம்பெனி அந்த ஓட்டத்தை மண் போட்டு மூடப் போகிறது. போன மழைக்கே வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. மூடிவிட்டால் அடுத்த மழைக்குக் கட்டில் மிதக்கும்.

குமுதாதான் மனு எழுதிப் போட்டாள். நேரில் பார்க்க இன்று ஓர் அதிகாரி வருகிறார். அதற்குள் எதிர்க்கரையில் மண்வாரி, மூன்று வாரமாக நடப்பதுபோல, இன்றும் உறும ஆரம்பித்திருந்தது. அவள் கைப்பேசியில் மணியைப் பார்ப்பதும், சாலையை எட்டிப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"நான் பொறந்ததிலேர்ந்து இது லோங்காங்தான். ரப்பர் ஸ்டோர்ல பால் கழுவுன தண்ணியெல்லாம் இதுலதானே வந்துச்சு," என்றார் நாலாவது வீட்டுப் பிச்சைமுத்து. "திடீர்னு ஆறுன்னா வாய்ல வருமாலா?"

"அழுக்குத் தண்ணி வந்தா லோங்காங் ஆயிடாதுண்ணே." விளக்கம் சொல்வதென்றால் குமுதாவுக்கு உயிர். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு கிழித்தாள். "பைப்னா மூடியிருக்கும், தண்ணிய நாமதான் உள்ள அனுப்புறோம். வாய்க்கால்னா வேணும்ங்கிற தண்ணியக் கொண்டுவர வெட்டுனது. லோங்காங்னா வேணாம்ங்கிற தண்ணிய வெளியேத்த வெட்டுனது. மூணுமே மனுசன் செஞ்சது. இது மலையிலேர்ந்து தானா வருது. அப்ப இது என்ன?"

"பெரிய லோங்காங்."

முதல் வீட்டுக் காளியம்மா குசினிக்குள்ளிருந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே அரிசி கழுவிய தண்ணீரை ஜன்னல் வழியாக வீசினார். அது கரையில் ஒரு சொட்டும் சிந்தாமல் நேராக ஓட்டத்தில் போய் விழுந்தது.

"சிரிக்காதீங்கக்கா. லோங்காங்னா கம்பெனி மூடலாம், பைப் போட்டுப் புதைக்கலாம், கேக்க ஆளில்ல. ஆறுன்னு எழுதிட்டா கரையிலேர்ந்து பத்து மீட்டருக்குள்ள ஒரு செங்கல் இருக்கக் கூடாது. எவனா இருந்தாலும் சரி."

பத்து மணிக்கு அதிகாரி வந்து இறங்கினார். பெயர் ஷாமினி, முப்பது வயதுக்குள் இருக்கும். காலில் ரப்பர் பூட்ஸ், ஒரு கையில் கோப்பு, மறு கையில் அளவு நாடாவும் சிவப்புச் சாய டின்னும்.

கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு வந்து, கூடி நின்றவர்களைக் கேட்டார்.

"வெயில் மாசத்துல வத்துமா?"

"எங்க வத்துது? செருப்பு விழுந்தா ஓடிப்போய்ப் பிடிக்கணும் மேடம்," என்றார் காளியம்மா.

"யாரு வெட்டுனது?"

"யாரும் வெட்டல," என்றது மொத்தக் கூட்டமும், ஒரே குரலில்.

ஷாமினியின் பார்வை பிச்சைமுத்துவின் மேல் நின்றது. "அண்ணே, நீங்க இதை என்னன்னு கூப்பிடுவீங்க?"

"லோ..." என்று ஆரம்பித்துவிட்டார். குமுதா கையிலிருந்த குச்சி மளுக்கென்று ஒடிந்தது.

"லோ... லோக்கல் ஆறு மேடம். எங்க லோக்கல் ஆறு."

ஷாமினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளில் 'சுங்கை', அதாவது ஆறு, என்று இருந்த கட்டத்தில் குறி போட்டு, குமுதாவுக்குக் காட்டினார். பிறகு எதிர்க்கரையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். மண்வாரியின் உறுமல் நின்றது. மூன்று வாரத்துக்குப் பிறகு தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"எப்படிச் சமாளிச்சேன் பாத்தியா?" என்று பிச்சைமுத்து மார்தட்டினார். காளியம்மா காப்பி கலக்க உள்ளே ஓடினார். குமுதா காலையிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

ஷாமினி கரையில் ஒரு முளைக்குச்சியை அடித்து, அதில் நாடாவின் நுனியை மாட்டினார். காளியம்மா வீட்டுச் சுவரோரமாகவே நாடாவை இழுத்துக்கொண்டு வந்தார். குசினியைத் தாண்டியது. கூடத்தைத் தாண்டியது. முன்வாசல் படியில் வந்து நின்று, டின்னைத் திறந்து, படியின் மேல் சிவப்பாக ஒரு கோடு போட்டார்.

காப்பிக் கோப்பையோடு வெளியே வந்த காளியம்மா, கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

குமுதா எழுந்துவிட்டாள். "மேடம், கம்பெனி அந்தக் கரையிலதானே இருக்கு?"

"அங்கயும் அளப்பேன்க்கா. ஆறுன்னா ரெண்டு கரையும்தானே? பத்து மீட்டருக்குள்ள இருக்கிறது எல்லாத்தையும் எடுத்துடணும்."

சொல்லிவிட்டு ஷாமினி நாடாவைச் சுருட்டிக்கொண்டு இரண்டாவது வீட்டுக்கு நடந்தார். குமுதா பின்னாலேயே ஓடினாள்.

"மேடம்! மேடம், அது வெறும் லோங்காங்லா!"