இருபத்துநான்காம் எண்

நகர வரலாற்றுக் கூட்டத்தில் கடைத்தெருவின் பழைய புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். தெரிந்த முகத்தின் மேல் எண் ஒட்டி, பெயர் சொல்ல வேண்டும்.

"தொப்பி போட்டவரு எங்க தாத்தா!"

"சிரிக்கிறது எங்க பெரியப்பா!"

இருபத்துமூன்று பேருக்கு ஒட்டியாயிற்று. டீ கொண்டுவந்த பச்சையம்மா தட்டைக் கீழே வைத்தாள். படத்தில் அத்தனை முகங்களும் பார்த்துக்கொண்டிருந்த விளக்குக் கம்பத்தின் அடியில் இருபத்துநான்கை ஒட்டினாள்.

"அது ஏதோ மூட்டைம்மா," என்றார் பெயர் எழுதுபவர்.

"எங்கப்பா. இந்தத் தெருவுல செருப்பு போட்டு நடந்தாருன்னு கட்டிவச்சு அடிச்சாங்க. வீட்டுக்குப் பொணமாத்தான் வந்தாரு. பேரு சடையன், எழுதிக்கோங்க."

பேனா அசையவில்லை. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்துபோய், தன் தாத்தாவின் மேலிருந்த எண்ணை நகத்தால் உரிக்கத் தொடங்கினார்.