அவருக்காக நடந்தவள்

பக்கவாதத்தில் வலது கால் விழுந்த செவுகப்பெருமாளுக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு பொருள் கொடுத்தனுப்பினார்கள். காலைத் தாங்கி நடத்துகிற இயந்திர உறை ஒன்று. தினமும் எவ்வளவு நடந்தார் என்று அந்த உறைக்குச் சொல்லும் மணிக்கட்டுப் பட்டை ஒன்று. நடக்க நடக்க உடம்பில் பலம் ஏறும். பலம் ஏற ஏற உறை தன் பிடியைத் தளர்த்திக்கொள்ளும்.

முதல் வாரமே பத்தடி நடந்துவிட்டு மனுஷன் குழந்தை மாதிரி அழுதார். மனைவி தெய்வானைக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க படுங்க. நான் பாத்துக்கிறேன்."

பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நடந்தாள். புருஷனுக்காக வேண்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுவதில்லையா, இதுவும் அப்படித்தான் என்பது அவள் எண்ணம்.

மூன்று மாதத்தில் தெய்வானையின் மூட்டுவலி போன இடம் தெரியவில்லை. அவருக்குத்தான் கால் நாளுக்கு நாள் கனத்தது.

இன்று காலை அவள் மாடியில் நடந்துகொண்டிருந்தபோது கீழே தொம்மென்று சத்தம் கேட்டது. ஓடி வந்தாள். குளியலறை வாசலில் செவுகப்பெருமாள் குப்புறக் கிடந்தார். உறை தானாகவே கழன்று தனியே கிடந்தது.

"வாழ்த்துகள்! உங்கள் கால் முழுப் பலம் பெற்றுவிட்டது. இனி நான் தேவையில்லை" என்றது அது.

"என்னைய விட்டுருச்சு தெய்வான" என்றார் அவர், நெற்றியில் வழிந்த ரத்தத்தோடு. "பாதி வழியில விட்டுருச்சு."

தெய்வானை அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது அவள் கையிலிருந்த பட்டை கனிவாகச் சொன்னது:

"செவுகப்பெருமாள் ஐயா, உங்கள் இதயம் மிக வேகமாகத் துடிக்கிறது. நடந்தது போதும், சற்று உட்காருங்கள்."