ஓடிப் பார்க்க எடுத்த கார்

சிக்னல் போடுகிறேன் என்று பாலசுந்தரம் திரும்பவும் வைப்பரைப் போட்டார்.

மழைத் துளி ஒன்றுகூட இல்லாத கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் கார் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனது. கனடாவில் எல்லாம் மற்றப் பக்கமாம்.

பாலசுந்தரம் என் கணவரின் தமையன். ஸ்காபரோவிலிருந்து லீவில் வந்தவர், தம்பிக்கு ஒரு கார் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பிளேன் ஏறுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

என் கணவர் யோகநாதனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போய் டயலிசிஸ் செய்துகொண்டு ஓட்டோவில் வருவார். போன மாதம் வரும் வழியில் மயங்கி, ஓட்டோவுக்கு வெளியே பாதி உடம்பு சரிந்துவிட்டது. இன்னொரு நாள் ரோட்டில்தான் விழுவார்.

அதற்குத்தான் கார். ஆனால் பாலசுந்தரத்துக்கு நோயாளியைப் பற்றி யோசனையில்லை. பெற்றோலைப் பற்றித்தான் யோசனை.

காலை முழுக்க ஜாபிரின் கார் விற்கும் முற்றத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் குறை சொன்னார். சாதாரணக் கார் டக்சி மாதிரி இருக்கிறதாம். ஜீப்புக்கும் காருக்கும் நடுவில் ஒன்று நின்றது. கனடாவில் அது தாய்மார் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றுகிற சாமானாம். டபுள் கேப் பிக்கப் டீசல் குடிக்குமாம். அதில் ஏறத் தம்பிக்கு ஏணி வேண்டும் என்பது அந்த மண்டைக்குள் போகவேயில்லை.

கடைசியில் ஒரு ஹைபிரிட் காருக்கு முன்னால் சாமி கும்பிடுகிற மாதிரி நின்றுவிட்டார்.

"இது பாதி பெற்றோல், பாதி கரண்ட். நிண்டால் எஞ்சின் தானா ஓஃப் ஆயிடும். இஞ்ச உள்ள சனத்துக்கு இதெல்லாம் எங்க விளங்கப்போகுது?"

இங்கே உள்ள சனம் நான்தான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கணவருக்குப் பக்கத்தில் பின் சீற்றில் ஏறினேன். முன் சீற்றில் ஜாபிர், பாலசுந்தரம் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு இருந்தார்.

ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடிப் பார்ப்பதாகத் திட்டம். வழியில் பாமன்கடையில் ஆமி செக்பொயின்ற்.

வன்னியில் சண்டை மும்முரமாக நடந்த வருசம் அது. எங்கள் ஒழுங்கையில் உள்ள ஆம்பிளைகள் எல்லாரையும் அந்த இடத்தில் இறக்கி உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள். வரதராசா டொக்டரையே இறக்கினார்கள். என் கணவரை மட்டும் இல்லை.

'என்னை அவங்களுக்குத் தெரியும். கண்ட உடன போகச் சொல்லிடுவாங்கள்' என்பார்.

நான் பள்ளிக்கூடத்தில் நிற்கிற நாட்களில்தான் அவருக்கு ஆஸ்பத்திரி. ஒரு நாளும் கூடப் போனதில்லை. ஆனால் இந்தக் கதையை நான் ஒழுங்கையில் சொல்லாத வீடு கிடையாது. மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் பெரிய அதிகாரியாக இருந்தவர், நிமிர்ந்து நடக்கிறவர், ஆளைப் பார்த்தாலே தெரியாதா? மற்றவர்கள் வெருண்டுபோய் நின்றால் சந்தேகப்படாமல் ஆமிக்காரன் என்ன செய்வான்?

சிப்பாய் கையைக் காட்டினான். கார் நின்றது. எஞ்சினும் தன்பாட்டில் நின்றது.

எஞ்சினை நிறுத்தச் சொன்னான். நின்றுதான் இருக்கிறது என்று பாலசுந்தரம் இங்கிலீசில் விளக்கத் தொடங்கினார். விளக்குகிற புளுகத்திலும் உற்சாகத்திலும் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

சத்தமே இல்லாமல் கார் முன்னுக்கு ஊர்ந்தது.

சிப்பாய்களின் துவக்குகள் நிமிர்ந்தன.

எல்லாரையும் இறங்கச் சொல்லிக் கத்தினார்கள். பொனற்றைத் திறந்தால் உள்ளே பெருவிரல் மொத்தத்தில் செம்மஞ்சள் வயர்கள். ஜாபிர் "பெற்றரி சேர், பெற்றரி சேர்" என்று அழாக்குறையாக நின்றார். பாலசுந்தரம் கனடா பாஸ்போட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்திருந்தார்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது. இப்போது என் கணவர் இறங்கி ஒரு வார்த்தை சொல்வார், துவக்குகள் தாழும், கனடா வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். அதற்காகவே காத்து நின்றேன்.

இவர் கதவைப் பிடித்து மெல்ல இறங்கினார்.

செருப்பைக் கழற்றி ஒரு பக்கமாக வைத்தார். சேட்டையும் பனியனையும் சேர்த்து நெஞ்சுவரை உயர்த்தி நாடியால் அழுத்திப் பிடித்தார். இரண்டு கைகளையும் பிடரியில் வைத்துக்கொண்டு ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றினார். தையல்காரனிடம் அளவு கொடுக்கிற பிள்ளை மாதிரி இருந்தது. எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சுற்றி முடித்ததும் வெறுங்காலை ஒன்றாகச் சேர்த்து ஒரு சல்யூட் அடித்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கண்டதில்லை.

மணல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்தான். நான் படிப்பிக்கிற பிள்ளைகளைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். இவரைக் கண்டதும் கலகலவென்று சிரித்தான். மற்றவர்களைப் பார்த்துக் கையசைத்தான். துவக்குகள் தாழ்ந்தன.

பிறகு என்னைக் கண்டான். சிரிப்பு நின்றுவிட்டது.

ஓடிவந்து, நாடிக்குக் கீழே இருந்த சேட்டைத் தானே பிடித்து இழுத்துக் கீழே விட்டான்.

"இன்றைக்கு வேண்டாம் அங்கிள்" என்றான் சிங்களத்தில், மெல்ல. "அன்ரி பார்த்துக்கொண்டு நிற்கிறா."