அசையாத கை

"பயப்படாதீங்க மேடம், டோஃபு யாரையும் கடிச்சு ஒன்பது நாள் ஆகுது!"

கங்ஷான் நகரில் சுவாங்கின் நாலாவது மாடி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே பெய்ஷான் சொன்னாள். தெருவில் தவிக்கும் பூனைக்குட்டிகளை எடுத்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பவள் அவள். குட்டியைப் பார்க்க வந்திருந்த திருமதி லாய், நாலு வயது மகளின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பயம் இருக்காதா பின்னே? டோஃபு ஐந்து மாதக் குட்டி. பார்க்கத்தான் வெள்ளைவெளேரென்று சாது. விளையாட ஆரம்பித்தால் கையோ காலோ, பல் பதிக்காமல் விடாது. இரண்டு வீடுகளுக்குப் போய், இரண்டிலிருந்தும் திரும்பி வந்துவிட்டது. இப்போது கேட்டு வந்திருப்பது இந்த லாய் குடும்பம் மட்டும்தான். இவர்களும் வேண்டாமென்றால் ஆயுசுக்கும் காப்பகக் கூண்டுதான்.

"எப்படிக் கடிக்கறதை விட்டுச்சு?" என்றாள் திருமதி லாய்.

"எல்லாம் சுவாங் அண்ணா கைவண்ணம்! குட்டி கடிச்சா நாம என்ன பண்ணுவோம்? வெடுக்குனு கையை இழுப்போம். அதுக்கு அது எலி ஓடற மாதிரி. இன்னும் குஷியாயிடும். அதனால இழுக்கவே கூடாது. சிலையா இருக்கணும். அது தானா விட்டதும் எழுந்து போயிடணும். கடிச்சா ஆட்டம் குளோஸ். அவ்வளவுதான் பாடம்."

"கேக்கச் சுலபமாத்தான் இருக்கு."

"கேக்கத்தான் சுலபம்! பத்து வருஷமா இதே வேலையா இருக்கேன், எனக்கே வராது. பல்லு பட்டதும் கத்திடுவேன். அண்ணா இருக்காரே, போன மாசம் ரத்தமே வந்துச்சு. மனுஷன் கண்ணைக்கூடச் சிமிட்டலை. டீ குடிச்சுக்கிட்டிருக்கார்!"

உள்ளே சுவாங் கூச்சத்தோடு சிரித்தார். வயது ஐம்பதுக்கு மேல். ஆலை வேலையை விட்டதிலிருந்து வீட்டோடுதான் இருக்கிறார். பெய்ஷானுக்கு நாலு மாதப் பழக்கம். அதற்குள் மூன்று குட்டிகளைத் திருத்திக் கொடுத்துவிட்டார்.

"அண்ணி, நீங்க கொடுத்து வெச்சவங்க. இப்படி ஒரு பொறுமைசாலி எந்தக் கடையில கிடைப்பார்?"

சுவாங்கின் மனைவி யூச்சின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைக்கவும், கொய்யாப்பழம் நறுக்கச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

சுவாங் தரையில் உட்கார்ந்து, வலது கையைப் பாயில் ஊன்றிக்கொண்டு, இடது கையால் இறகுக் குச்சியை ஆட்டினார். டோஃபு தாவியது, உருண்டது, காற்றிலேயே திரும்பி இறகைப் பிடித்தது. பெய்ஷானுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அம்மா, இதையே எடுத்துக்கலாம்மா!" சிறுமி கைதட்டிக் கூவினாள்.

அந்தக் கூச்சலில் குட்டிக்குக் குஷி தலைக்கேறிவிட்டது. இறகை விட்டது. சுவாங்கின் வலது கையை இரண்டு முன்னங்கால்களாலும் கட்டிப் பிடித்து, விரலைக் கவ்வியது.

"ஆஆ!"

அலறிக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார் சுவாங். சிறுமி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். திருமதி லாய் கைப்பையை எடுத்தாள்.

பெய்ஷானுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னண்ணா இது! ரத்தம் வந்தப்பவெல்லாம் சும்மா இருந்துட்டு, இன்னிக்குப் பல்லு லேசாப் பட்டதுக்கு ஊரைக் கூட்டறீங்களே! இனி இதை யார் எடுத்துப்பாங்க?"

சுவாங் அவளைப் பார்க்கவே இல்லை. விரலையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு அதே விரலைக் குட்டியின் வாயருகே நீட்டினார்.

"இன்னொரு தடவை கடி."

"அண்ணா! பழக்கமே கெட்டுடும்!"

"கடிடா கண்ணா, கடி."

டோஃபுவுக்குச் சொல்லியா தர வேண்டும்? கடித்தது. "ஆ!" என்றார் சுவாங். இந்த முறை அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

சமையலறையில் தட்டு விழும் சத்தம் கேட்டது. ஓடி வந்த யூச்சின், கணவரின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி குட்டியை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா. வேற குட்டி பாத்துக்கங்க. இதை யாருக்கும் கொடுக்கறதா இல்லை."

"அண்ணி, ஒரு மாசத்துக்கு மேல ஒரு நாள்கூட வெச்சுக்க மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க? அண்ணாவுக்கே பொறுமை போயிடுச்சு, பாத்தீங்கல்ல?"

"பொறுமையா?" யூச்சின் அழுகையும் சிரிப்புமாகக் கணவரின் வலது கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "ஆலை மெஷின்ல நரம்பு அறுந்துபோன கை, பெய்ஷான். டாக்டர் தெச்சும் ரெண்டு வருஷமா ஊசியால குத்தினாக்கூட உறைக்கலை. இன்னிக்குத்தான் இவருக்கு வலிக்குது!"