கடைசிச் சுற்றில் அஸர் பாங்கு

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது அவள்தான் முன்னுக்கு.

பச்சை முக்காடு, ஹிறா இல்லம். முதுகில் சூடாக மர்வா இல்லத்துச் சஃபானாவின் மூச்சு. சிவப்பு முக்காடு. அதற்குப் பின்னால் யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க இப்போது அவளுக்கு ஏது நேரம்?

காது கிழிந்தது. முஸ்லிம் மத்திய கல்லூரி முழுவதும் கயிற்றோரம் வந்து நின்று கத்தியது. தகரம், தண்ணீர்ப் போத்தல், கையில் கிடைத்ததையெல்லாம் தட்டினார்கள். விளையாட்டுக்குப் பொறுப்பான றிபாயா டீச்சர், தான் நடுவர் என்பதையே மறந்து கோட்டுக்கு வெளியே கூடவே ஓடிவந்தார்.

முதலாவதாக வருகிறவள் அம்பாறையில் நடக்கும் போட்டிக்குப் போவாள். இரண்டு நாள் தங்க வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் கூட வர வேண்டும்.

வாப்பாவிடம் கேட்டிருந்தாள்.

"பாப்பம்" என்றார்.

அந்த வீட்டில் வாப்பா 'பாப்பம்' என்று சொன்ன எதுவும் அதற்குப் பிறகு நடந்ததே இல்லை.

இருக்கட்டும். முதலில் வந்துவிட்டால் போதும். அழுதாவது சம்மதம் வாங்கிவிடலாம்.

வளைவில் திரும்பினாள்.

மதிலுக்கு அப்பால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு தடவை கரகரத்தது.

அஸர் பாங்கு, பின்னேரத் தொழுகைக்கான அழைப்பு.

அவள் நின்றுவிட்டாள்.

நிற்கத் தேவையில்லை. காலையிலேயே அதிபர் சொல்லியிருந்தார், ஓட்டம் நடக்கும்போது பாங்கு சொன்னால் ஓட்டம் நடக்கட்டும், சத்தம் மட்டும் கூடாது என்று. எல்லோருக்கும் சொன்னதுதான். அவளும் தலையை ஆட்டினாள்.

ஆனால் பாங்கு சொல்கிறவர் அவளுடைய வாப்பா. ஊர்ப் பள்ளிவாசலின் மோதினார்.

வீட்டில் அந்தக் குரல் கேட்டால் அம்மி நிற்கும். அகப்பை நிற்கும். சண்டை பாதியில் நிற்கும். பிறந்ததிலிருந்து அப்படிப் பழகிய கால்கள், அவளைக் கேளாமலே நின்றுவிட்டன.

சிவப்பு கடந்து போனது. அதன் பின்னால் மஞ்சளும்.

மைதானம் கப்சிப். தகரம் தட்டிய கைகள் அப்படியே அந்தரத்தில்.

ஐயோ, அந்த ஹிறா இல்லத்துப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமே! பாங்கு நேரத்தில் கத்த முடியுமா? கத்தாமல் இருக்கத்தான் முடியுமா? முக்காட்டு நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டு குதித்தார்கள். இரண்டு கைகளாலும் அவளைத் தூரத்திலிருந்தே தள்ளினார்கள். றிபாயா டீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து, ஓடு மகள் ஓடு என்று சத்தமில்லாமல் அலறினார்.

ஓடினாள்.

அவளுடைய காலடி அவளுக்கே கேட்டது. பிறகு மஞ்சளின் காலடி கேட்டது. அது பின்னுக்குப் போனது. பிறகு சிவப்பின் காலடி.

மேலே வாப்பாவின் குரல்.

இது என்ன?

வாப்பா நிறுத்தி, இழுத்துச் சொல்கிறவர். அதைக் கேட்பதற்கென்றே அடுத்த ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். காய்ச்சலென்றாலும் ஒரு வேளைப் பாங்கை இன்னொருவரிடம் விட்டதில்லை. இன்றைக்கோ வரிக்கும் வரிக்கும் நடுவில் மூச்சே விடவில்லை. யாரோ பின்னால் நின்று துரத்துகிற மாதிரி ஓர் அவசரம்.

வாப்பாவுக்குச் சுகமில்லையோ?

அந்தப் பயமும் சேர்ந்து அவளை ஓட வைத்தது.

தோளுக்குத் தோள்.

நாடா.

சத்தமே இல்லை.

நாடா இரண்டு பேர் மேலும் கிடந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தவள், தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா உதடுகளும் பாங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. டீச்சரின் கண்ணில் தண்ணீர். சந்தோஷத்திலா, கவலையிலா? அல்லாஹ்வே, யாராவது ஒரு விரலையாவது காட்டக் கூடாதா!

பாங்கு முடிந்தது. துஆவுக்குக் கைகள் உயர்ந்தன.

வழக்கமாக இந்த இடத்தில் டக்கென்று ஒலிபெருக்கியை நிறுத்துவார் வாப்பா. இன்று நிறுத்தவில்லை. தடதடவென்று ஓடும் காலடி கேட்டது. ஜன்னல் கதவு படாரென்று திறந்தது. பிறகு, ஊர் முழுவதற்கும், வாப்பாவின் குரல்.

"றாசிக் காக்கா! மதிலடியில நிண்டு பாத்தீங்கதானே? ஆரு முந்தின? பச்சையா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த இல்லம், என்ன நிறம் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லையே!

தூரத்தில் ஒரு கிழக்குரல், அதுவும் ஒலிபெருக்கியிலேயே வந்தது.

"ஓம் மோதினார், பச்சதான். நடுவுல நிண்டு போட்டு ஓடியும் ஒரு சாண் முந்திட்டா உங்கட மகள்!"

"அல்ஹம்துலில்லாஹ்!"

வாப்பாவுக்கு மூச்சு வாங்கியது. அதுவும் ஊருக்கே கேட்டது.

"அப்ப அம்பாறைக்கு நான்தான் கூட்டிப் போகணும் காக்கா. அந்த ரெண்டு நாளைக்கும் பாங்கை நீங்க சொல்லுங்க."

கிழக்குரல் ஒரு தடவை செருமியது.

"சொல்றன். முதல்ல அந்த மைக்கை நிப்பாட்டுங்க மோதினார்."

டக்.

அதற்குப் பிறகுதான் மைதானம் வெடித்தது. தகரம் பறந்தது. பச்சை முக்காடுகளெல்லாம் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தன. மேடையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை, இன்னொரு தடவை.

அவளுடைய கால்கள் மறுபடியும் நின்றுவிட்டிருந்தன. றிபாயா டீச்சர் வந்து இடுப்பில் கைகொடுத்துத்தான் அவளை மேடைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.